ஜெபமில்லாத கூட்டத்திற்கு மிஷன் ஆஸ்பத்திரியில் என்ன வேலை?

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் எங்கள் சாப்ளின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் ஒருவர் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பல வருடங்களாகக் காணிக்கை அனுப்பி வருகிறவர். கோபத்தோடு எழுதவில்லை, மனவருத்தத்தோடு எழுதியிருந்தார். "குடியை விட்டவர்களுக்கென்று வாரம் ஒரு மாலை உங்கள் ஆஸ்பத்திரிக் கூடத்தில் கூட்டம் நடக்கிறதாம். அதில் ஜெபம் இல்லையாம், பாட்டு இல்லையாம், வேதவசனமும் இல்லையாம். சபைகள் கொடுக்கும் பணத்தில் இது தகுமா?" என்று கேட்டிருந்தார். கேட்கவேண்டிய கேள்விதான். அவர் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு நிறுத்தாமல், உங்கள் எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் நம்முடைய மண்ணைப் பற்றிச் சில வார்த்தைகள். மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக வந்தது 1937 அக்டோபரில், அன்றைய சேலம் மாவட்டத்தில். ராஜாஜி கொண்டுவந்தார். இன்றைய தர்மபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் பகுதி. 1965-இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆக, கள்ளுக்கடைகளை மூடிப் பார்த்த முதல் மண் நம்முடைய மண்தான். பிறகு 1971-இல் மாநிலத்தில் மதுவிலக்கு தளர்ந்தது. 1974-இல் திரும்ப வந்தது. 1981-இல் மறுபடியும் எடுக்கப்பட்டது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. மலைக்கு அந்தப்புறம் நம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில், 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

இதையெல்லாம் அரசியல் பேசுவதற்காகச் சொல்லவில்லை. சட்டம் கடையை மூடியும் பார்த்திருக்கிறது, திறந்தும் பார்த்திருக்கிறது. கடை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும், குடிநோயில் விழுந்த மனிதன் நம் வாசலுக்கு வந்துகொண்டுதான் இருந்தான். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு மதுவால் வந்த பாதிப்புக்கு உதவி தேவைப்படுகிறது. ஆனால் மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மீதி 37 பேர் எங்கே? நம் தெருவில் இருக்கிறார்கள், நம் உறவில் இருக்கிறார்கள். சில சமயம் நம் சபையின் கடைசி பெஞ்சிலும் இருக்கிறார்கள்.

மருத்துவமனை செய்யக்கூடியது என்ன? தினமும் அதிகமாகக் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த இரண்டு மூன்று நாட்களில் கை நடுங்கி, வேர்த்து, இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் நிலைக்குப் போகலாம். இது உயிருக்கே ஆபத்து. ஆகையால், "கோயிலில் சத்தியம் செய்துவிட்டான், அறையில் பூட்டி வையுங்கள்" என்று யாரும் சொல்லாதிருங்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கிறார்களே சில மருந்துகள், அவற்றையும் வாங்காதிருங்கள். அப்படிப்பட்ட மருந்து உள்ளே இருக்கும்போது அவர் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகக்கூடும். டாக்டரிடம் அழைத்து வாருங்கள். நடுக்கத்திற்கு மாத்திரையும், மூளையைக் காக்கத் தயமின் என்னும் வைட்டமின் ஊசியும் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் அவரை எழுப்பி உட்கார வைக்க முடியும்.

பத்தாம் நாள் அவர் முகம் தெளிந்து வீட்டுக்குப் புறப்படுகிறார். மனைவி அழுதுகொண்டே நன்றி சொல்கிறார். நாங்களும் ஜெபித்து அனுப்புகிறோம். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் கடை இருக்கிறது. பழைய சிநேகிதர் இருக்கிறார்கள். பழைய கடன் இருக்கிறது. சனிக்கிழமை கூலி கையில் வருகிறது. உடம்பிலிருந்து விஷம் இறங்க ஒரு வாரம் போதும். பழக்கம் இறங்க மாதக்கணக்காகும், வருடக்கணக்கும் ஆகும். அந்த மாதங்களில் அவர் கையைப் பிடிக்கப்போவது யார்? நாங்கள் நடத்தும் கூட்டம் இந்தக் கேள்விக்காகத்தான்.

உங்களில் பலருக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ. இயக்கம் தெரிந்திருக்கும். 1935-இல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீள விரும்பிய இருவர் சந்தித்ததிலிருந்து தொடங்கியது. 1957-இல் நம் நாட்டிலும் வேரூன்றியது. பன்னிரண்டு படிகளும், தன்னைவிட மேலான ஒரு சக்தியிடம் தன்னை ஒப்படைப்பதும் அதன் அடிப்படை. அதன் மூலத்தில் ஒரு கிறிஸ்தவ எழுப்புதல் குழுவின் செல்வாக்கும் உண்டு. அந்த இயக்கத்தை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். 2020-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. முழுவதும் குடியை நிறுத்தி நிலைப்பதில் ஏ.ஏ. வழி மற்றச் சிகிச்சை முறைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ பலன் தருகிறது என்று சொல்லியிருக்கிறது. ஏ.ஏ. கூட்டத்துக்குப் போக விரும்புகிறவரை நாங்கள் சந்தோஷமாக அனுப்பி வைக்கிறோம்.

ஆனால் எல்லோர் காலுக்கும் ஒரே செருப்பு பொருந்துவதில்லை. 1994-இல் அமெரிக்காவில் ஸ்மார்ட் ரிக்கவரி என்ற பெயரில் வேறொரு வழி தொடங்கியது. இப்போது பல நாடுகளில், சிறைச்சாலைகளில்கூட நடக்கிறது. அதில் சமயம் பேசுவதில்லை. சமயத்தை எதிர்ப்பதும் இல்லை. அது அவரவர் விருப்பம் என்று விட்டுவிடுகிறார்கள். "நான் குடிகாரன்" என்று முத்திரை குத்திக்கொள்ளும்படி யாரையும் கேட்பதில்லை. ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் 1950-களில் உருவாக்கிய சிகிச்சை முறையிலிருந்தும் வேறு ஆய்வுகளிலிருந்தும் எடுத்த பயிற்சிகளை, மீண்டு வருகிறவர்களே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பழக்கிக்கொள்கிறார்கள். நான்கு காரியங்கள் அதில் உண்டு. விடவேண்டும் என்ற மனதை உண்டாக்கிக் காப்பது; குடிக்கவேண்டும் என்ற உந்துதலைச் சமாளிப்பது; எண்ணம், உணர்ச்சி, செயல் இவற்றை ஒழுங்குபடுத்துவது; சமநிலையான வாழ்க்கையை அமைத்துக்கொள்வது. எங்கள் கூட்டம் அந்த நிறுவனத்தின் கிளை அல்ல. அந்த வழியிலிருந்து கற்றுக்கொண்டு, நம் ஊருக்கு ஏற்றபடி நடத்துகிறோம்.

அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். பெயரும் ஊரும் இல்லாமல், அவர்கள் சொல்லலாம் என்று அனுமதித்ததை மட்டும் சொல்கிறோம்.

ஒரு தாளை நான்காக மடிக்கச் சொல்கிறார்கள். குடிப்பதால் என்ன நன்மை, என்ன தீமை. விட்டால் என்ன நன்மை, என்ன கஷ்டம் என்று நான்கு கட்டத்திலும் எழுதவேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுப்பார். "குடிப்பதில் நன்மையா?" என்று நீங்கள் திகைப்பீர்கள். கட்டட வேலை செய்கிற ஒருவர் நேர்மையாகச் சொன்னார்: "உடம்பு வலி தெரியாதுங்க, தூக்கம் வரும்." அதை எழுதிய பிறகுதான், உடம்பு வலிக்கும் தூக்கத்திற்கும் வேறு என்ன செய்யலாம் என்ற பேச்சே தொடங்கியது. "குடி பாவம், விடு" என்று அவருக்குச் சொன்னவர்கள் நூறு பேர். அவர் ஏன் குடிக்கிறார் என்று கேட்டவர் அங்கேதான் கிடைத்தார்.

அடுத்து, உந்துதல். அது வரும்போது இனி முடியாது, போய்த்தான் ஆகவேண்டும் என்று தோன்றும். ஆனால் அது அலையைப் போல ஏறி, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த அரைமணி நேரத்தைக் கடக்கத்தான் பயிற்சி. உந்துதலுக்கு ஒரு பெயர் வைத்து, அது தன் குரல் அல்ல, வேறொருவர் குரல் என்று பார்க்கச் சொல்கிறார்கள். பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயி ஒருவர் அதற்குத் "தரகர்" என்று பெயர் வைத்திருக்கிறார். "தரகர் வந்தாருங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்னாரு. அவரு சொல்ற விலைக்கு நான் கொடுக்கலீங்க" என்று அவர் சொன்னபோது கூடமே சிரித்தது. சந்தையில் அவர் கற்ற பாடத்தை இங்கே பயன்படுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை என்பது நம் மாவட்டத்தில் பெரிய சோதனை. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் கூலியோடு பஸ் இறங்கும் நாள். அதற்குத் திட்டம் போடுகிறார்கள். கூலியைக் கையில் வாங்காமல் மனைவியின் வங்கிக் கணக்குக்குப் போகும்படி மேஸ்திரியிடம் சொல்லி வைப்பது ஒரு வழி. வெறும் வயிற்றோடு பஸ் ஏறாமல் சாப்பிட்டுவிட்டு ஏறுவது ஒரு வழி. பஸ் நிலையத்தில் தம்பியையோ மகனையோ வந்து நிற்கச் சொல்வது ஒரு வழி. கடைக்கு முன்னால் போகாத தெருவாகப் பார்த்து வைப்பது இன்னொரு வழி. இவை சின்னக் காரியங்கள்தான். சின்னக் காரியத்தில்தான் மனிதன் வழுக்குகிறான்.

கல்யாணம், காதுகுத்து, சாவு, மாரியம்மன் பண்டிகை எல்லாவற்றிலும் யாராவது டம்ளரை நீட்டுவார்கள். மறுக்கத் தெரியவேண்டும். ஒருவர் மச்சானாக நடித்து வற்புறுத்துவார், மற்றவர் பதில் சொல்லிப் பழகுவார். "வேண்டாம் மச்சான், நான் விட்டுட்டேன். ஒரு டீ வாங்கிக் கொடு." இவ்வளவுதான். காரணம் சொல்ல ஆரம்பித்தால் வாதம் வளரும். வாதம் வளர்ந்தால் டம்ளர் கைக்கு வந்துவிடும்.

கடைசியாக, எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும் பயிற்சி. மாமனார் வீட்டில் யாரோ, "இவன் எத்தனை நாளைக்கு?" என்று குத்திப் பேசுகிறார். கோபம் வருகிறது, கால் கடைக்குப் போகிறது. குத்திப் பேசியது ஒன்று, அதைப் பற்றி இவர் மனதில் ஓடியது இன்னொன்று, அதன் பிறகு நடந்தது மூன்றாவது. மூன்றையும் பிரித்துப் பலகையில் எழுதுகிறார்கள். அவர் பேச்சை நம்மால் மாற்ற முடியாது. "என்னை யாரும் நம்பமாட்டார்கள், இனி எதற்கு இருக்கவேண்டும்" என்ற நடு எண்ணத்தை மாற்ற முடியும். ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்ல, அடுத்தவர் கேள்வி கேட்க, பேச்சு நடக்கிறது. டாக்டர் சொன்னால் தலையாட்டுகிறவர், தன்னைப்போல் விழுந்து எழுந்தவர் சொன்னால் காது கொடுக்கிறார்.

படிக்காத ஜனங்களால் இது ஆகுமா என்று சந்தேகப்படவேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1980-இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தி, ஊர் ஜனங்களின் ஒத்துழைப்போடு குடிநோய்க்குச் சிகிச்சை கொடுத்தது. நோயாளியை ஊரிலிருந்து பிரிக்காமல், ஊரையே அவருக்குத் துணையாக்கினார்கள்.

கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அது தனி ஆளுக்குக் கொடுத்த ஆலோசனை, கூட்டம் அல்ல. ஆனாலும் நமக்குப் பாடம் உண்டு. மனநல மருத்துவம் படிக்காத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, தீங்கு உண்டாக்கும் அளவுக்குக் குடிக்கும், ஆனால் நோய் முற்றாத ஆண்களோடு நான்கு சந்திப்புகள் வரை பேச வைத்தார்கள். உந்துதலைச் சமாளிப்பது, மறுப்பது, பிரச்சினையைத் தீர்ப்பது இவையே பேச்சு. மூன்று மாதம் கழித்து, முந்தின பதினான்கு நாட்களில் குடிக்காதிருந்தவர்கள் அந்த ஆலோசனை பெற்றவர்களில் 42 சதவீதம். பெறாதவர்களில் 18 சதவீதம். அந்த ஆலோசகர்கள் செய்தது அற்புதம் ஒன்றும் அல்ல. பொறுமையாக உட்கார்ந்து, கற்ற பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார்கள். நம் சபைகளிலும் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லையா?

இப்போது கடிதத்தின் கேள்விக்கு வருகிறோம். ஏன் ஜெபம் இல்லை?

அந்தக் கூட்டத்தில் உட்காருகிறவர்களைப் பாருங்கள். பென்னாகரத்து விவசாயி இருக்கிறார், குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர். லாரி ஓட்டும் இஸ்லாமிய சகோதரர் இருக்கிறார். அரூர்ப் பக்கத்து மலைவாழ் இளைஞர் இருக்கிறார். எந்தக் கோயிலுக்கும் போகாத ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார். "மிஷன் ஆஸ்பத்திரியில் மதம் மாற்றத்தான் கூப்பிடுகிறார்கள்" என்று வீட்டில் சொன்னால், இவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். நோயாளியின் பலவீன நேரத்தைச் சாக்காக வைத்து அவரிடம் எதையும் வாங்க நமக்கு உரிமை இல்லை. விசுவாசத்தையும் அப்படி வாங்கக்கூடாது.

நம் சொந்த ஜனத்தையும் நினைத்துப் பாருங்கள். குடியை விட்டு ஒரு மாதம் ஆன ஒருவரை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்கிறோம். சபை கைதட்டுகிறது. மூன்றாம் மாதம் அவர் சறுக்குகிறார். பிறகு எந்த முகத்தோடு அதே சபைக்கு வருவார்? நாம் துரத்தாமலே அவர் தூரப் போய்விடுகிறார். அந்தக் கூட்டத்தில் சறுக்கியவர் மறுவாரம் வந்து, "சறுக்கினேன்" என்று சொல்லலாம். யாரும் அழமாட்டார்கள், திட்டமாட்டார்கள். "எங்கே சறுக்கிற்று? அடுத்த முறை என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களில் நம் சபைப் பிள்ளைகளும் உண்டு.

ஆண்டவர் குஷ்டரோகிகள் பத்துப் பேரைச் சுகமாக்கினார். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன்; அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். அந்தக் கேள்வியில் வருத்தம் இருந்தது. ஆனால் அந்த ஒன்பது பேருக்குக் கொடுத்த சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நாமும் பத்துப் பேருக்காகவும் கதவைத் திறந்து வைப்போம். எங்கள் சிற்றாலயம் அந்தக் கூடத்திலிருந்து இருபது அடிதான். கூட்டம் முடிந்தபின் யாராவது தாமாக வந்து, "ஐயா, கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டால், நாங்கள் அங்கே இருக்கிறோம். கேட்காமல் பஸ் ஏறிப் போகிறவருக்காகவும் ஜெபிக்கிறோம். அதை அவருக்குச் சொல்லவேண்டியதில்லை.

அன்பர்களே, இந்த வேலைக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு கூடம், ஒரு பலகை, டீ, தூரத்திலிருந்து வருகிறவருக்கும் நடத்துகிறவருக்கும் பஸ் கட்டணம், நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி. மனைவிமாருக்கும் தாய்மாருக்கும் தனியாக ஒரு கூட்டம் வேண்டும். அவர்கள் சுமந்தது யாரும் எண்ணாத சுமை. கூடவே, முதல் பத்து நாள் சிகிச்சைக்குப் பணமில்லாதவருக்காக வார்டில் ஒரு படுக்கையாவது இலவசமாக இருக்கவேண்டும்.

பணமில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. மீண்டு வருகிறவரை மேடைக்கு இழுக்காதிருங்கள். பெஞ்சில் உங்கள் பக்கத்தில் இடம் கொடுங்கள். திருவிருந்தில் புளிக்காத திராட்சரசத்தைப் பயன்படுத்த உங்கள் ஆயரிடம் பேசுங்கள். ஒரு துளியின் வாசனை ஒருவருக்கு எத்தனை பெரிய சோதனை என்பது குடியாதவருக்குத் தெரியாது. வேலை கொடுக்கக்கூடியவர்கள் வேலை கொடுங்கள். எங்கே போவது என்று தெரியாத குடும்பத்திற்கு, மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 14446 என்பதைச் சொல்லிக்கொடுங்கள்.

நான்கு நாள் கல்லறையில் கிடந்த லாசருவை எழுப்பியவர் ஆண்டவர். அதில் நமக்குப் பங்கு இல்லை. ஆனால் எழுந்து வந்தவனுடைய கைகால்களைச் சுற்றியிருந்த பிரேதச் சீலைகளை அவிழ்க்கும் வேலையை, சுற்றி நின்ற அயலாரிடம் அவர் விட்டுவிட்டார். அந்த அயலார் எல்லாரும் விசுவாசிகள்தானா என்று வேதம் சொல்லவில்லை. கட்டுகள் அவிழவேண்டும், அதற்குக் கைகள் வேண்டும். அவ்வளவே அங்கே தேவைப்பட்டது. வாரந்தோறும் எங்கள் கூடத்தில், தாங்களே கட்டுண்டு கிடந்தவர்கள் மற்றவரின் கட்டை அவிழ்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கூரையும் ஒரு டம்ளர் டீயும் கொடுப்பது உங்கள் காணிக்கை. கடிதம் எழுதிய அன்பர் ஒரு நாள் நேரில் வந்து எங்களோடு அந்த டீயைக் குடிக்கவேண்டும் என்று அன்போடு அழைக்கிறோம்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.